பிரேக் பெடலில் குங்குமம்

கொளஞ்சியம்மாள் சுமோ ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைக் கடலூர் செம்மண்டலத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். முதல் நாளே ரிவர்ஸ் கியரில் விழுந்து சில்வர் பீச் வரைக்கும் பின்பக்கமாகவே போய்ச் சேர்ந்தாள் என்பார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸைச் சாக்கடையில் ஒதுக்கினார் என்பார்கள். அவள் ஹாரனை அழுத்தினால் பரங்கிப்பேட்டைக் கடலில் மீனெல்லாம் ஓரம் கட்டும் என்கிறவர்களும் உண்டு. எதையும் அவள் மறுத்ததில்லை. "மீனு மட்டுமா? நண்டுகூட கையக் காட்டி வழிவிட்டுது" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துத்தான் அனுப்புவாள்.

நடந்தது அத்தனை வேடிக்கையானதல்ல. பெண்ணாடம் பக்கத்தில் கரும்புக்காட்டில் பிறந்து, கரும்பின் சோகை இலை கிழித்த கையோடு வளர்ந்தவள் அவள். அவளைக் கட்டிக்கொண்டு வந்த ராஜமாணிக்கம் கடலூரில் ஒரு டாட்டா சுமோவைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், காதுகுத்து, திருநள்ளாறு என்று ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒருநாள் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். டயாலிசிஸ் செய்ய அப்போது சிதம்பரத்தில்தான் மிஷின் கிடைத்தது, அதுவும் விடிந்தும் விடியாத முதல் ஷிப்டு. போகும்போது அவரே ஓட்டிவிடுவார். ரத்தத்தையெல்லாம் சுற்றிவிட்டு இறக்கினால் திரும்பி ஓட்டத் தெம்பு இருக்காது. ஆள் வைத்துப் பார்த்தார்கள், எவனும் அந்த நேரத்துக்கு எழுந்து வரவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. எத மிதிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். அன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. ராஜமாணிக்கம் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று அவளுக்கு நினைப்பு.

அவர் போன பிறகு வண்டியை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். விற்றிருப்பாள். ஆனால் டயாலிசிஸ் வார்டு பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்தவர்கள் கருமாதிக்கு வந்துவிட்டுப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு போனார்கள். காரியம் முடிந்த மறுவாரமே அவள் சுமோவைக் கழுவி எடுத்துவிட்டாள். பெருமாள் கோயில் ஊஞ்சலைப்போல ஆடுகிற வண்டி அது. சீட்டில் தெரிந்த ஸ்பாஞ்சின் மேல் பழைய புடவையைத் தைத்துப் போட்டிருந்தாள். ஏற முடியாதவர்களுக்குக் கால் வைக்க ஒரு மரப்பலகை பின்பக்கம் எப்போதும் கிடக்கும்.

இந்தக் கதை நடந்தபோது அவளிடம் நிரந்தரமாக இரண்டு நோயாளிகள். ஒருவர் சௌந்தரம், பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு செம்மண்டலத்தில் இருந்தவர். ஊர்க்காரர் என்பதால் அவளுக்கு மாமா. இன்னொருவன் ஜேக்கப், கல்யாண வயசுப் பையன். அவனுக்குத் துணையாக அவன் அம்மா பாத்திமா மேரி ஒருநாள்கூட விடாமல் வருவாள். கொளஞ்சிக்கு அவள் மேரியக்கா; அந்த முறையில் ஜேக்கப்புக்குக் கொளஞ்சி சித்தி.

ஜேக்கப்பின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய் இரண்டை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் பூனை உறுமுவதுபோலத் தோலுக்கடியில் குர்ரென்று ஓடும். ஓடினால் எல்லாம் சரி, நின்றால் ஆபத்து. ராஜமாணிக்கம் கையைத் தொட்டுத் தொட்டுப் பழகிய விரல் கொளஞ்சிக்கு. ஜேக்கப் வண்டியில் ஏறும்போது கையைப் பிடித்துப் பார்த்து, "எஞ்சின் ஓடுது, ஏறு" என்று சொன்னால்தான் அவனும் ஏறுவான்.

மேரியக்கா வேறொரு வைத்தியமும் வைத்திருந்தாள். நல்ல தேங்காயெண்ணெயாக வாங்கி வேளாங்கண்ணிக்கு எடுத்துப்போய் மந்திரித்துக் கொண்டுவந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கைப்பைக்குள் வைத்திருப்பாள். மாதா எண்ணெய். மகன் நெற்றியில் ஒரு சிலுவை, அந்தக் கையில் ஒரு சிலுவை. பிறகு மிச்சமிருக்கிற உலகத்துக்கு. வண்டியின் டேஷ்போர்டில் ஒன்று, சௌந்தரத்தின் வீங்கிய பாதத்தில் ஒன்று, கொளஞ்சியின் முட்டிவலிக்கு ஒன்று. அவர்கள் வீட்டில் கிணற்று மோட்டார் மக்கர் செய்தபோது அதற்கும் ஒரு சொட்டு விட்டாளாம், அன்றைக்கே தண்ணீர் வந்ததாம்.

"யக்கா, இப்படியே எண்ணெ தடவிக்கிட்டு இருந்தீங்கன்னா ஒருநாளு என்ன வடச்சட்டியில போட்டு எடுத்துடலாம்" என்பாள் கொளஞ்சி.

"சிரிடீ. முட்டி வலி கொறஞ்சிதா இல்லியா?"

"கொறஞ்சிது. இப்ப இடுப்புக்கு வந்துட்டுது."

"இடுப்பக் காட்டு."

பின்சீட்டில் சௌந்தரம் இருமல் வருகிற வரைக்கும் சிரிப்பார்.

கார்த்திகை மழையில் சுமோவுக்கு பிரேக் இளகியது. மிதித்தால் பெடல் ஆழமாகப் போய்த்தான் பிடித்தது. கொளஞ்சி வண்டியைக் கொழுந்தன் இளவரசுவின் பட்டறையில் விட்டாள். ராஜமாணிக்கத்தின் தம்பி, செம்மண்டலத்திலேயே மெக்கானிக். பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்திருந்ததைக் கண்டுபிடித்து, ரப்பரை மாற்றி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தான். பிரேக் கல்லு மாதிரி நின்றது.

மறுநாள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி மரத்தடியில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே ஜேக்கப்பும் சௌந்தரமும் மிஷினில். மேரியக்கா பக்கத்தில் வந்து நின்று, பிரேக்குக்கு என்ன ஆச்சு, இப்போது சரியாகிவிட்டதா என்று விசாரித்தாள். கொளஞ்சிக்கு வாய் சும்மா இருக்குமா? என்ஜினுக்குப் பின்னால், டிரைவர் பக்கம் இருந்த வெள்ளை டப்பாவைத் தட்டிக் காட்டினாள்.

"இதாங்க்கா பிரேக்கோட வயிறு. இதுல இருக்கறது நாலு சக்கரத்துக்கும் போயி புடிக்குது. ஊருக்கே தடவுறீங்களே, பாவம் இதுக்கும் ஒரு சொட்டு விட்டா என்னா? எங்கொழுந்தனாருக்கு வேல மிச்சம்."

மேரியக்கா சிரித்தாள். கொளஞ்சியும் சிரித்துவிட்டு மூடியைத் தட்டிப் பார்த்து பானெட்டைச் சாத்தினாள். அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலத்துக்குள் கொளஞ்சி அதை மறந்துவிட்டாள்.

மார்கழி பிறந்தது. கோயில் ஸ்பீக்கர் ஒரு பக்கம், மேரியக்கா தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் ஒரு பக்கம். விடியலில் பனி கண்ணாடியில் பால் ஊற்றினதுபோல இறங்கும். அப்படியொரு விடியலில் கடலூர் முதுநகரைத் தாண்டி ஒரு வேகத்தடை முன்னால் கொளஞ்சி பிரேக்கை மிதித்தாள். பெடல் பஞ்சுமூட்டைக்குள் போவதுபோல உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டது. வண்டி நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், கியரைக் குறைத்தாள், சுமோ வேகத்தடையில் எகிறிக் குதித்து ஒரு முந்திரித்தோப்பு ஓரம் போய் நின்றது.

"ஏம்மா கொளஞ்சி" என்றார் சௌந்தரம், தலையைத் தடவிக்கொண்டே, "மேல்கூரை இருக்குதுன்னு முன்னயே சொல்லக்கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை. கொளஞ்சி மறுபடி மிதித்துப் பார்த்தாள். இரண்டு முறை உள்ளே போயிற்று. மூன்றாம் முறை ஒன்றுமே நடக்காததுபோல கெட்டியாக நின்றது. மேரியக்கா முன்சீட்டில் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் பார்வை பானெட்டின் மேல் இருந்தது. பயத்தில் பார்க்கிறாள் என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனாள். அப்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இளவரசு நாலு சக்கரத்தையும் கழற்றினான். கசிவு இல்லை. டப்பாவில் ஆயில் மட்டம் நிறைந்து இருந்தது. நிறைந்திருக்கிறதே என்று அவன் மூடியைத் திறக்கவில்லை. ஓட்டிப் பார்த்தான், மிதித்த இடத்தில் நின்றது. இன்னொரு முறை ஓட்டிவிட்டு வந்து கையைத் துடைத்தான்.

"பிரேக்குல ஒண்ணும் இல்ல அண்ணி."

"தரையில போயி உக்காந்துது தம்பி. நாலு பேரு சாட்சி."

"கோவிச்சுக்காதீங்க. பனியில தூக்கக் கலக்கத்துல கிளச்ச மிதிச்சிருப்பீங்க. எனக்கே ஒருவாட்டி ஆயிருக்கு."

"எங்காலு பொறந்ததுலேருந்து எங்கூடதான் இருக்குது. எங்க போவும் எங்க வரும்னு எனக்குத் தெரியாதா?"

"அண்ணனுக்கும் சக்கர வியாதி இருந்துச்சி. உங்களுக்கும் இருக்கு. பாதம் மரத்துப்போறது உங்களுக்கே தெரியாது."

அந்தப் பேச்சு அவளைக் குத்திவிட்டது. ஏனென்றால் பாதம் கொஞ்சம் மரத்துத்தான் இருந்தது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. நிஜமாகவே கால் மாறிப் போயிருந்தால்? அவள் வண்டியை நிறுத்தலாம். நிறுத்தினால் ஜேக்கப்பையும் சௌந்தரத்தையும் யார் கொண்டுபோவது? இளவரசுவின் வேன் உட்பட ஊரில் இருக்கிற வாடகை வண்டியெல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. டயாலிசிஸ் ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும். இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டில் பார்த்திருக்கிறாள். சுமோ ஓடியாக வேண்டும். ஓடுகிற வண்டி மிதித்த இடத்தில் நின்றும் ஆக வேண்டும். பிரேக்கா, காலா?

கண்டுபிடிக்க அவளே ஒரு வழி செய்தாள். சாமி மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்து எண்ணெயில் குழைத்து பிரேக் பெடலில் பூசினாள். கிளச்சில் விபூதி. ஆக்சிலேட்டரை வெறுமனே விட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். இனி வண்டி நிற்காமல் போனால் அந்த நிமிஷமே வலது காலைத் தூக்கிப் பார்ப்பாள். சிவப்பு மட்டும் அப்பியிருந்தால் கால் சரி, பிரேக் பொய். கிளச்சின் விபூதி ஒட்டியிருந்தால் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிடுவது.

சௌந்தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "பெடலுக்குக் கல்யாணமா?" என்றார்.

"ஆமா மாமா. மொய் எழுதிட்டு ஏறுங்க."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. அன்று வழக்கம்போல மேரியக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். ஜேக்கப் ஏறி உட்கார்ந்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது, ஊற்றினாள். அடுத்த சந்தில் சௌந்தரத்துக்கு நடக்க முடியவில்லை என்று அவர் மகள் போன் செய்தாள். கொளஞ்சி பானெட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவரப் போனாள். வந்து பார்த்தபோது பானெட் சாத்தியிருந்தது. மேரியக்கா முன்சீட்டில் உட்கார்ந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"இனிமே ஒண்ணும் ஆவாதுடீ. பயப்படாம எடு" என்றாள்.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று கொளஞ்சி வண்டியை எடுத்தாள். ஊருக்குள் பிரேக் பிடித்தது. முதுநகர் தாண்டிப் பனி கெட்டியானது. அவள் மெதுவாகத்தான் போனாள், அதைப் பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆலப்பாக்கத்துக்கு இப்பால் பனிக்குள்ளிருந்து ஒரு கரும்பு டிராக்டர் திடீரென்று முன்னால் முளைத்தது. பின்னால் சிவப்பு விளக்கு கிடையாது. லோடுக்கு வெளியே கரும்பின் அடித்துண்டுகள் ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருந்தன. கரும்பு ஏற்றி வளர்ந்தவளுக்கு அது என்னவென்று கண் சொல்வதற்கு முன்பே கால் சொல்லிவிட்டது. மிதித்தாள். பஞ்சு. மறுபடி மிதித்தாள். தரை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தாள். அவள் பக்கம் தப்பியது. இடதுபக்கம் தப்பவில்லை.

கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பிறகு டிராக்டரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுதான் கேட்டது. மேரியக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை.

கொளஞ்சியையும் ஜேக்கப்பையும் சௌந்தரத்தையும் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவளுக்கு நெற்றியில் தையல். ஒரு நர்ஸ் அவள் வலது பாதத்தைப் பிடித்துப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, காலெல்லாம் ரத்தம். காயமே இல்லையே, எங்கேருந்து வந்துது?"

கொளஞ்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கச் சிவப்பு, பொட்டு விபூதி இல்லை. கால்மாட்டில் நின்ற இளவரசு குனிந்து ஒரு விரலால் தொட்டு முகர்ந்தான். குங்குமம். பெடலில் அண்ணி பூசியது அவனுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்தபோது அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிரேக்குதான் அண்ணி" என்றான் சுவரைப் பார்த்து.

ஆனால் அவன் சொல்லி என்ன? வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்கு இழுத்துப் போயிருந்தார்கள். வாகன ஆய்வாளர் மத்தியானம் வந்து மிதித்துப் பார்த்தார். முன்பக்கம் நசுங்கியிருந்ததே தவிர பிரேக் ஜம்மென்று நின்றது. வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டியவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். பொம்பள ஓட்டினா இப்படித்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மேரியக்காவை அடக்கம் செய்தபோது கொளஞ்சி கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றாள். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தாள். பிரேக் போனதெல்லாம் விடியலில். சோதித்துப் பார்த்ததெல்லாம் வெயிலில்.

"தம்பி, அது காலையில சண்டித்தனம் பண்ணுற கழுத. நீங்க எல்லாரும் அது தூங்கி எழுந்து பல்லு வெளக்கி நல்ல புள்ளயா உக்காந்த பெறகு போயி பாக்குறீங்க. விடியக்கால பாக்கணும்."

ஸ்டேஷனில் இளவரசுவுக்குத் தெரிந்த ஏட்டு இருந்தார். விடியலில் இரண்டு பேரும் போனார்கள். பனி சொட்டிக்கொண்டிருந்தது. இளவரசு உடைந்த கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. அவன் எழுந்து வந்து, நசுங்கின பானெட்டைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, முதல் தடவையாக அந்த வெள்ளை டப்பாவின் மூடியைத் திருகினான். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் தண்ணீரில் ஊறின அப்பளம்போல உப்பி வெளியே வந்தது. டார்ச் அடித்தான்.

டப்பாவுக்குள் மேலே வெள்ளை வெளேரென்று கட்டியாக ஏதோ உறைந்து கிடந்தது. அவன் ஸ்குரூடிரைவரால் நோண்டினான், துண்டு துண்டாக உடைந்தது.

"என்னா இது?" என்றான். "மெழுகா?"

கொளஞ்சிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மார்கழி மாசத்தில் குளியலறை மாடத்துப் பாட்டிலில் எது இப்படி உறைந்து, தலைக்குத் தேய்க்க வெந்நீரில் வைக்கச் சொல்லும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கைச்சூட்டில் உருகி ரேகைக்குள் ஓடியது. தேங்காயெண்ணெய். அதில் மெழுகுவர்த்தி வாசனையும் மல்லிகை வாசனையும் இருந்தன.

இளவரசு தனக்குத் தானே பேசிக்கொண்டே போனான். பிரேக் ஆயிலில் வேறு எண்ணெய் கலந்தால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிவிடும். குளிரில் இது உறைந்து, ஆட்டத்தில் உடைந்து, ஊசித்துவாரம் போன்ற ஓட்டையைப் போய் அடைக்கும். ஒரு மிதிக்குப் பிடிக்கும், ஒரு மிதிக்குப் போய்விடும். என்ஜின் சூடு ஏறினால், வெயில் ஏறினால் கரைந்து சுத்தமாகிவிடும். "நான் ஒரு மூடியத் திறக்கல அண்ணி. மட்டம் நெறஞ்சிருக்கேன்னு பாத்தேன். எப்படி நெறஞ்சிதுன்னு பாக்கல" என்றவன் திரும்பி, "யாரு ஊத்துனது?" என்றான்.

பிரேக்கோட வயிறு. ஒரு சொட்டு விட்டா என்னா. அந்தப் பேச்சு கொளஞ்சியின் காதில் அவள் குரலிலேயே வந்தது. மேரியக்கா முதலில் ஒரு சொட்டுத்தான் விட்டிருப்பாள். வேகத்தடையில் எகிறின பிறகு சொட்டு போதவில்லை என்று, வெந்நீரில் உருக்கிய பாட்டிலையே கவிழ்த்திருப்பாள்.

கொளஞ்சிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து, ஈரமண்ணைப் பார்த்து, "ஏன்க்கா, நான் சொன்னா செய்துடுவீங்களா? எத்தன சொல்லியிருக்கேன், எதையாவது செய்தீங்களா? உப்பக் கொறைங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா? இதத்தானா கேக்கணும்?" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

இளவரசு அந்தக் கட்டியை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வந்து பட்டறையில் வைத்திருந்தான். இதை ஸ்டேஷனில் காட்டினால் கேஸே நிற்காது என்றான். அவள் போனபோது டம்ளரில் வெயில் விழுந்திருந்தது. கட்டி கரைந்து மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு மிஷினுல யாருக்கு முறை, தெரியுமா?" என்றாள் அவள்.

ஜேக்கப்புக்கு. சௌந்தரத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போன ஜேக்கப் பிறகு டயாலிசிஸுக்கே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தபோது கதவைச் சாத்திக்கொண்டான் என்றார்கள். இளவரசு சபரிமலை வாடகையை விட்டுவிட்டுத் தன் வேனை எடுத்தான்.

அந்த வீட்டு வாசலில் நட்சத்திரம் எரியாமல் தொங்கியது. ஜேக்கப் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பது கொளஞ்சிக்குப் பார்த்ததும் தெரிந்தது. மேசையில் அந்தப் பிளாஸ்டிக் பாட்டில், காலியாக.

"கெளம்புடா" என்றாள்.

"வரல."

"வராம?"

அவன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "ஒண்ணு கேக்கறேன் சித்தி. பிரேக் நல்லா இருந்துச்சின்னு எழுதியிருக்காங்க. நீங்க புடிக்கலன்னு சொன்னீங்க. அன்னிக்கு நீங்க சௌந்தரம் தாத்தாவக் கூப்புட போனப்ப அம்மா பானெட்டுக்குள்ள குனிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பொடவதான் தெரிஞ்சிது. சாயங்காலம் பையத் தொறந்தா பாட்டிலு காலி." பாட்டிலைப் பார்த்தான். "அம்மா என்னா பண்ணாங்க? எனக்காகத்தான ஏதோ பண்ணாங்க? அப்ப அம்மா செத்தது என்னாலயா?"

வாசற்படியில் நின்ற இளவரசு ஒரு அடி முன்னால் வந்தான். கொளஞ்சி திரும்பாமலே அவனைக் கையமர்த்தினாள்.

வாழ்நாள் முழுக்க அவள் அளந்துவிட்ட கதைகள் ஏராளம். மீன் ஒதுங்கிய கதை, பஸ் கும்பிட்ட கதை. ஒன்றைக்கூட யாரும் நம்ப வேண்டும் என்று அவள் சொன்னதில்லை. இதை அவன் நம்பியாக வேண்டும்.

"உங்கம்மா பானெட்டுல சிலுவ போட்டாங்க. எங்க எத கண்டாலும் போடறவங்கதான? எண்ணெய எம்முட்டிக்குத் தேய்ச்சாங்க, பாட்டிலு தீந்துபோச்சி. முந்தின நாளு ஒரு வாரத்துக்குச் சேத்துத் தேய்ச்சி விட்டாங்க. பிரேக்கு நல்லாத்தான் இருந்துது. எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. எனக்குப் பாதம் மரத்துப்போவும், யாருகிட்டயும் சொல்லல. தப்பு என்னோடதுதான்டா."

அந்தக் கடைசி வார்த்தையில் பொய் இல்லை.

ஜேக்கப் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நம்பினானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவன் முகம் கோணியது. "அப்ப நீங்கதான் கொன்னீங்க" என்றான்.

"ஆமா."

"நீங்க ஓட்டுனா நான் ஏறமாட்டேன்."

"நான் ஓட்டல. இனிமே எப்பவும் ஓட்டல. தம்பிதான் ஓட்டும். எழுந்திரு."

அவன் எழுந்திருக்க முயன்று முடியாமல் இடது கையை நீட்டினான். அவள் பிடித்துத் தூக்கும்போதே விரல் தானாக மணிக்கட்டுக்கு மேலே போய் அழுந்தியது. பூனை வெகுதூரத்தில் உறுமியது. ஆனால் உறுமியது.

"எஞ்சின் ஓடுது" என்றாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனிலும் அவள் அதையேதான் சொன்னாள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. வெளியே வந்ததும் இளவரசு பொறுக்க முடியாமல் கேட்டான். "டம்ளரு பட்டறையிலயே இருக்குது அண்ணி. ஒரு வார்த்த போதும். ஏன் தலையில போட்டுக்கறீங்க?"

"சொன்னா எனக்கு லைசென்ஸ் வரும். அந்தப் புள்ள மறுபடி மிஷினுல படுக்குமா?" என்றாள். சிறிது தூரம் நடந்த பிறகு, "ஊத்துனவங்க அவுங்கதான். ஊத்தச் சொன்னவ நானு" என்றாள். இளவரசுவுக்கு அது புரிய நாளாயிற்று.

சுமோவை விடுவித்ததும் அவன் பிரேக்கில் இருந்த ரப்பர், குழாய் எல்லாவற்றையும் மாற்றினான். புதுக் கண்ணாடி போட்டான். இப்போது அவன்தான் ஓட்டுகிறான். சௌந்தரம் தை மாசத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை, அவர் உடம்பு அவ்வளவுதான். பலகையில் கால்வைத்து ஏற வேறு ஆட்கள் வந்தார்கள். ஜேக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வருவான். கொளஞ்சியோடு பேசுவதில்லை. ஏறுமுன் கையை மட்டும் நீட்டுவான்.

இடதுபக்க முன்சீட்டில் யாரும் உட்கார மாட்டேன் என்றார்கள். அதனால் கொளஞ்சி அங்கே உட்காருகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவாள். முன்னால் ஒரு கரும்பு லோடு தெரிந்தால், ஒரு நாய் குறுக்கே வந்தால், வெள்ளாற்றுப் பாலத்தில் லாரிகள் தேங்கி நின்றால், இளவரசு மிதிப்பதற்கு முன்பே அவள் வலது கால் போய்த் தரையை அழுத்தும். அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு தேய்ந்து இரும்பு தெரிகிறது.

"அண்ணி, நான் மிதிச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்பான் இளவரசு. "இப்படியே போனா தரையில ஓட்ட விழுந்து நீங்க ரோட்டுல நடந்துதான் வரணும்."

"பேசாம ஓட்டுங்க" என்பாள். வண்டி முழுசாக நிற்கிறவரைக்கும் காலை எடுக்கமாட்டாள்.